சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போகணும்' என்கிறார் கணவர்

கேள்வி: எனக்கு 66 வயது. கணவருக்கு 71. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்கு அல்சைமர் என்று டாக்டர் சொன்னார். காலையில் ஓரளவு நன்றாகவே இருக்கிறார். ஐந்து மணி ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு, 'வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க' என்று வாசலுக்குப் போய்விடுகிறார். இதுதான் நம் வீடு என்றால் கோபம் வருகிறது. பர்ஸை நான் எடுத்து ஒளித்துவிட்டேன் என்று சண்டை. இரண்டு முறை 'நீ யாரு, என் பொண்டாட்டி எங்கே?' என்று கேட்டுவிட்டார். இரவில் மூன்று நான்கு தடவை எழுந்திருக்கிறார். ஆறு மாதமாக நான் சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கவில்லை. போன வாரம் குளிக்க வரமாட்டேன் என்றபோது கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். மணிக்கட்டு சிவந்துபோனது. அன்றிலிருந்து எனக்கு என்னையே பிடிக்கவில்லை. மகன், மகள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். 'ஹோமில் சேர்த்துவிடலாம்மா' என்கிறான் மகன். 43 வருடம் கூட வாழ்ந்தவரை எப்படி அனுப்புவது? அனுப்பாமல் எப்படிச் சமாளிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மணிக்கட்டு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். சிவப்பு இரண்டு நாளில் மறையாமல் நீலம் பாரித்திருந்தாலோ, அவர் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். மறைக்க வேண்டாம். நீங்கள் செய்தது தவறு என்பது உங்களுக்கே தெரிகிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். அதற்கான காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை. தூக்கம் கெட்டால் முதலில் போவது பொறுமை. அது குணக்கேடு அல்ல, உடம்பின் இயல்பு. ஆனால் இப்படியே விட்டால் அடுத்த முறை சிவப்போடு நிற்காது. ஆகவே இந்த வாரமே மாற வேண்டியது உங்கள் இரவுதான். மற்ற எல்லாவற்றையும் அதன்மேல்தான் கட்ட முடியும்.

அவர் ஏன் எழுந்திருக்கிறார் என்று ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். ஒரு நோட்டில் மணி, எழுந்ததும் முதலில் எங்கே போனார், சிறுநீர் கழித்தாரா, எங்காவது வலிக்கிறது என்றாரா, திரும்பப் படுக்க எவ்வளவு நேரம் ஆனது. இவ்வளவு போதும். எழுந்ததும் நேராகக் கழிப்பறையைத் தேடுகிறார் என்றால் அது மறதி நோய் மட்டும் செய்கிற வேலை இல்லை. இந்த வயது ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் சகஜம். கால் வீக்கத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். மாலையில் கொடுத்தால் இரவு முழுக்க எழுந்துகொண்டுதான் இருப்பார். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை இரவில் சாப்பிடும் சிலருக்குத் தூக்கம் கலையும், பயங்கரக் கனவுகள் வரும். அதையும் காலைக்கு மாற்றலாமா என்று கேட்கலாம். இந்த இரண்டு கேள்விகளிலேயே பல வீடுகளில் பாதி இரவு திரும்பக் கிடைத்துவிடுகிறது.

தண்ணீரைக் குறைத்தால் எழுந்திருக்க மாட்டார் என்று நினைத்து நாள் முழுக்கக் குறைத்துவிடாதீர்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அதைத் தொடர்ந்து குழப்பம் என்று ஒன்று ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். இதயம், சிறுநீரகம் காரணமாக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, காலையிலிருந்து மாலைக்குள் ஒன்றரை லிட்டர் அளவுக்குப் போகட்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து மட்டும் குறையுங்கள். படுக்கப் போகும் முன் ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போய், பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை கூட்டிப்போங்கள். முதல் தடவை முழுதாகக் காலியாகியிருக்காது. காபி, டீ மதியத்தோடு நிற்கட்டும். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன்பு, அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். காலை வெளிச்சத்தில் அரை மணி நேரம் நடை. பகல் எது, இரவு எது என்று சொல்லும் கடிகாரம் மூளைக்குள் பழுதாகிக்கொண்டிருக்கிறது. அதைத் திருத்துவதற்கு வெளிச்சத்தைப் போல் வேறு எதுவும் உதவாது.

படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தரையோரம் சிறிய விளக்குகள் வையுங்கள். இருட்டில் எழுந்தால் எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாமல் போகும். கழிப்பறைக் கதவு திறந்தே இருக்கட்டும், உள்ளே விளக்கு எரியட்டும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைப் பீங்கான் என்றால் உட்காரும் இடத்துக்கு மட்டும் கருநீலம் போல அடர்ந்த நிறத்தில் ஓர் இருக்கை வளையம் மாட்டுங்கள். இந்த நோயில் கண் நன்றாக இருந்தாலும் ஒரே நிறத்தில் இருக்கும் பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைந்துபோகும். 'இடம் தெரியாமல் மூலையில் போய்விட்டார்' என்று பலர் கோபப்படுவது இதனால்தான்.

இவ்வளவும் செய்தாலும் எல்லா இரவும் சரியாகாது. ஆகவே வாரத்தில் இரண்டு இரவாவது நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். அந்த இரண்டு இரவும் அவரைப் பார்க்க இன்னொரு ஆள் இருக்க வேண்டும். உறவினரோ, சம்பளத்துக்கு வரும் உதவியாளரோ, யாராக இருந்தாலும் சரி. 'தூக்கத்துக்கு ஆள் வைக்கிறதா' என்று கூச்சப்படாதீர்கள். உதவியாளரை வைப்பவர்கள் பெரும்பாலும் பகலில் வைக்கிறார்கள். உங்களுக்கு முதலில் தேவை இரவில்தான்.

இனி மாலை நேரம். பகல் முழுக்கப் பார்ப்பதையும் கேட்பதையும் விளங்கிக்கொள்ள அவர் மூளை பெரும் பாடுபடுகிறது. சாயங்காலத்தில் களைத்துவிடும். வெளிச்சம் மங்கும்போது நிழல்கள் ஆளாகத் தெரியும். பசி இருக்கும், அதைச் சொல்லத் தெரியாது. உடம்பில் ஏதோ சரியில்லை, இந்த இடம் சரியில்லை, போக வேண்டும் என்று தோன்றும். 'வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவாங்க' என்று அவர் சொல்வதை முகவரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயமாக இருக்கிறது, யாராவது என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவர் சொல்கிறார்.

'இதுதான் நம்ம வீடு, முப்பது வருஷமா இங்கேதானே இருக்கோம்' என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த முப்பது வருடம் அவரிடம் அப்போது இல்லை. 'அம்மா இறந்து இருபது வருஷம் ஆச்சே' என்றால் அவருக்கு அது இன்று வந்த சாவுச் செய்தி. ஐந்து நிமிடத்தில் செய்தி மறந்துவிடும், துக்கம் மறக்காது. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். பார்த்தது என்ன என்பது சில நிமிடங்களில் நினைவில் இல்லை. ஆனால் அது எழுப்பிய உணர்ச்சி அரை மணி நேரம் வரை நீடித்தது. உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. ஐந்து மணிக்கு நடந்த வாக்குவாதம் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் ஐந்தரை மணிக்கு எதற்கென்றே தெரியாமல் எரிச்சலாக இருக்கிறார்.

வேறு என்ன சொல்வது? முதலில் அவருக்கு முன்னால், கண்மட்டத்தில் வந்து நில்லுங்கள். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், கையைப் பிடித்துத் தடுக்காதீர்கள். 'அம்மா ஞாபகமா இருக்கா?' என்று கேளுங்கள். பதிலுக்குப் பத்து விநாடி பொறுங்கள். அவருக்குச் சொல் வந்து சேர நேரமாகும். இடையில் அடுத்த கேள்வியைக் கேட்டால் முதல் கேள்வி அழிந்துவிடும். 'அம்மா என்ன சமைச்சா உங்களுக்குப் பிடிக்கும்?' என்று பேச்சை அவர் போகும் வழியிலேயே கொஞ்ச தூரம் கூட்டிப்போங்கள். அப்புறம் 'போகலாம், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம்' என்று உட்கார வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்களும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்புங்கள். தெருமுனை வரை நடந்து, இன்னொரு பக்கமாகத் திரும்பி வந்தால், 'வீடு வந்தாச்சு' என்று அவரே உள்ளே வருவது உண்டு. இது ஏமாற்றுவது ஆகாதா என்று நல்ல மனசுக்காரர்கள் கேட்பார்கள். அவர் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போய் அவரோடு நிற்கிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் பொய்யாக எதையும் புனைய வேண்டியதில்லை. மறுத்துப் பேசாமல் இருந்தாலே போதும்.

ஆனால் ஐந்து மணிக்குப் பேசிச் சமாளிப்பதைவிட நான்கு மணிக்கே தயாராவது சுலபம். நான்கு மணிக்கு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். இருட்டு விழுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுத் திரைச்சீலையை மூடுங்கள். கண்ணாடி ஜன்னலில் தன் பிம்பத்தைப் பார்த்து யாரோ நிற்கிறார்கள் என்று பயப்படுபவர்கள் உண்டு. செய்திச் சேனலை அணையுங்கள், அங்கே கத்துகிறவர்கள் தன்னைத்தான் கத்துகிறார்கள் என்று அவருக்குத் தோன்றலாம். செருப்பைக் கண்ணில் படாமல் வையுங்கள். வாசலில் செருப்பைப் பார்த்தால் கிளம்ப வேண்டும் என்ற நினைப்பு தானாக வரும். நாலரை மணிக்குக் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். துணி மடிப்பது, நாணயங்களை வகை பிரிப்பது, பழைய கணக்கு நோட்டில் கோடு போடுவது, எதுவானாலும் சரி. வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்காதீர்கள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி கொடுத்தாலும் அவர் மடிப்பார்.

ஒருநாள் அவர் கதவைத் திறந்து போய்விடக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள். கையில் கழற்ற முடியாத பட்டையிலோ சட்டைப்பையின் உள்ளேயோ உங்கள் போன் எண் இருக்கட்டும். போனில் இந்த மாதம் எடுத்த முகப்படமும் முழு உருவப் படமும் இருக்கட்டும். வாசல் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி ஒன்று மாட்டுங்கள். அவர் வழக்கமாகப் பார்க்கும் உயரத்துக்கு மேலேயோ கீழேயோ ஒரு தாழ்ப்பாள் போடலாம். ஆனால் அவரை உள்ளே தனியாக வைத்துப் பூட்டிவிட்டு ஒருபோதும் வெளியே போகாதீர்கள். தீ பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. காணவில்லை என்றால் முதல் பதினைந்து நிமிடம் வீட்டுக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் காத்திருக்காமல் போலீஸிடம் போங்கள், மறதி நோய் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பர்ஸ் விஷயத்துக்கு வருவோம். அவர் அதை எங்கோ பத்திரமாக வைக்கிறார். வைத்தது நினைவில் பதியவே இல்லை. பர்ஸ் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும், வீட்டில் இருப்பது நீங்கள் ஒருவர். அவர் போடும் கணக்கில் தப்பே இல்லை, கணக்குக்கான தகவல்தான் போய்விட்டது. 43 வருடம் அவருக்காகவே உழைத்த உங்களைத் திருடி என்று சொன்னால் எப்படி வலிக்கும் என்பது புரிகிறது. ஆனால் 'நான் எடுக்கலை' என்று வாதாட ஆரம்பித்தால் அவர் கண்ணுக்கு நீங்கள் எதிராளி ஆகிவிடுவீர்கள். 'பர்ஸ் காணோமா, அடடா, வாங்க தேடலாம்' என்று அவர் பக்கம் வந்துவிடுங்கள். அதே நிறத்தில், அதே அளவில் இன்னும் இரண்டு பர்ஸ் வாங்கி, ஒவ்வொன்றிலும் சில சில்லறை நோட்டுகளும் பழைய அடையாள அட்டையின் நகலும் போட்டு வையுங்கள். ஒன்று தொலைந்தால் இன்னொன்றை 'இதோ' என்று கண்டுபிடித்துவிடலாம். தலையணை உறைக்குள், மூலையில் கிடக்கும் காலணிக்குள், உடுத்தாத சட்டைப்பைக்குள், குளிர்சாதனப் பெட்டிக்குள் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் பிடித்த இரண்டு மூன்று ஒளிவிடங்கள்தான் இருக்கும், ஒரு மாதத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும். குப்பைக் கூடையைக் கொட்டுவதற்கு முன் ஒருமுறை கிளறுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நகை, பத்திரம், பெரிய தொகை எதுவும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம்.

'நீ யாரு?' என்று கேட்பது இதைவிடக் கடுமையானது. முகம் தெரிகிறது, ஆனால் அந்த முகத்தோடு வரவேண்டிய 'நம்மவர்' என்ற உணர்வு வரவில்லை. அதனால், மனைவி மாதிரி இருக்கும் வேறு யாரோ என்று அவர் மூளை முடிவு செய்கிறது. அந்த நேரத்தில் நான்தான் உன் மனைவி என்று நிரூபிக்க முயலாதீர்கள். 'அவங்க இப்ப வந்துருவாங்க' என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போங்கள். சில நிமிடம் கழித்து, முகத்தைக் காட்டுவதற்கு முன் கதவுக்கு வெளியிலிருந்தே வழக்கமாகக் கூப்பிடும் விதத்தில் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வாருங்கள். பலருக்கு முகத்தில் அறுந்த தொடர்பு குரலில் அறுவதில்லை. இதோடு சேர்ந்து, இல்லாத குழந்தைகளையோ விலங்குகளையோ தெளிவாகப் பார்ப்பது, தூக்கத்தில் கை கால் வீசி அடிப்பது, நடை இறுகுவது போன்றவை இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லூயி பாடி என்ற வேறு வகை மறதி நோயாகவும் இருக்கலாம். அந்த வகையில் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் ஆபத்தானவை.

மருந்து என்றதும் ஒன்று. 'அமைதியா இருக்க ஒரு மாத்திரை கொடுங்க' என்று கேட்கத் தோன்றும், உங்கள் நிலையில் யாருக்கும் தோன்றும். மனநோய்க்கான ஆன்டிசைக்கோடிக் வகை மருந்துகள் மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. பக்கவாதம், விழுந்து எலும்பு முறிவது போன்ற ஆபத்துகளும் இருக்கின்றன. அவருக்கோ உங்களுக்கோ அடிபடும் நிலை இருந்தால், அல்லது அவர் பயத்தில் நடுங்கித் தவித்தால், டாக்டர் யோசித்துக் குறைந்த அளவில் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், நான்கு மாதத்துக்குள் குறைத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் அப்படியே தொடர்வதுதான் தப்பு. சளி, அரிப்பு, தூக்கத்துக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சில பழைய அலர்ஜி மாத்திரைகள், உதாரணமாக டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின், நினைவைக் குழப்பக் கூடியவை. எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

மெதுவாக மாதக்கணக்கில் மோசமாவது இந்த நோயின் இயல்பு. ஒன்றிரண்டு நாளில், சில மணி நேரத்தில்கூட, திடீரென்று குழப்பம் கூடினால், அல்லது வழக்கத்துக்கு மாறாக மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருந்தால், அது நோய் முற்றியதால் அல்ல. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, நான்கைந்து நாள் மலம் போகாதது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, வெளியே தெரியாத எலும்பு முறிவு என்று ஏதோ ஒன்று உள்ளே இருக்கும். இதில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. அன்றே டாக்டரிடம் போங்கள். முகம் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் உடனே ஆம்புலன்ஸ்.

குளியல். தினமும் முழுக்குளியல் தேவையில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் போதும். மற்ற நாளில் வெதுவெதுப்பான ஈரத்துணியால் முகம், அக்குள், தொடையிடுக்கு, பாதம் துடைத்தால் தோல் கெடாது. அவர் ஏன் மறுக்கிறார் என்று பார்த்தால், ஈரத்தரை அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும், குளிரும், துணி அவிழ்ப்பது மானப் பிரச்சினை, தலைமேல் கொட்டும் தண்ணீர் தாக்குதலாகப் படும். அவருக்குத் தெம்பான நேரம் காலைதான், ஆகவே குளியல் காலையில் இருக்கட்டும். அவரைக் கூப்பிடுவதற்கு முன்பே தண்ணீர், துண்டு, சோப்பு, மாற்றுத்துணி எல்லாம் தயாராக இருக்கட்டும். உள்ளே போனபின் எதையாவது எடுக்க நீங்கள் வெளியே வந்தால் அவரும் வெளியே வந்துவிடுவார். தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். வழுக்காத விரிப்பு, உட்கார நாற்காலி, பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். தோளிலும் மடியிலும் துண்டு போட்டு மூடி, பாதத்தில் ஆரம்பித்து மேலே வாருங்கள். தலை கடைசி, அல்லது வேறொரு நாள். அவர் கையில் ஒரு துணியைக் கொடுத்து அவர் கைக்குக் கீழே உங்கள் கையை வைத்து நகர்த்துங்கள். தானே செய்கிறோம் என்று இருந்தால் எதிர்ப்பு குறையும். ஒரு நேரத்தில் ஒரே சொல்: 'கையை நீட்டுங்க.' நீட்டியபின் அடுத்தது. வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அரை மணி கழித்து மறுபடி கேளுங்கள். பத்துத் தடவையில் சில தடவை அது கேட்ட நினைவே இல்லாமல் வருவார். மூட்டுவலி இருந்தால் குளிப்பதற்கு முன் வலி மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர் கையைத் தட்டிவிடுவார்.

நீங்கள் இப்படியெல்லாம் பார்த்துச் செய்தும் உங்களுக்குக் கோபம் தலைக்கேறும் நொடி மறுபடியும் வரும். அதற்கு இப்போதே திட்டம் போட்டுவிடுங்கள், அந்த நொடியில் யோசிக்க முடியாது. உங்கள் குரல் உயர்கிறது, பல்லைக் கடிக்கிறீர்கள், கை இறுகுகிறது, இந்த மூன்றில் ஒன்று வந்ததும் அவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கையை எடுங்கள். அவர் விழமாட்டார் என்று உறுதி செய்து, அடுப்பு எரியவில்லை என்று பார்த்துவிட்டு, அடுத்த அறைக்குப் போங்கள். கதவைப் பூட்ட வேண்டாம். ஐந்து நிமிடம். மூச்சை இழுப்பதைவிட விடும் நேரம் நீளமாக இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். யாருக்குப் போன் செய்வது என்று முன்பே ஒருவரிடம் பேசி வைத்திருங்கள். 'நான் பேசாம அழுதாலும் போனை வெச்சிராதே' என்று சொல்லும் அளவுக்கு நெருங்கியவராக இருக்கட்டும். குளிக்காமலே ஒரு நாள் போகட்டும், சாப்பாடு அரை மணி தாமதமாகட்டும். இந்த வீட்டில் அவசரமே இல்லாத வேலைக்காகத்தான் பெரும்பாலான சண்டை நடக்கிறது.

உங்கள் மனசைப் பற்றியும் டாக்டர் ஒருவர் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் ஈடுபாடு இல்லை, காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, பசி இல்லை, என்னையே பிடிக்கவில்லை என்ற எண்ணம் நிற்கவே இல்லை என்றால், அது களைப்பு மட்டுமல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் இருக்கிறது, பயனும் கிடைக்கும். செத்துப்போனால் தேவலை என்றோ, அவரையும் சேர்த்து முடித்துவிடலாம் என்றோ ஒரு நொடி தோன்றினாலும், அன்றே யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அவருடைய ஃபைலோடு உங்கள் ஃபைலும் அதே பையில் இருக்கட்டும்.

ஒரு துக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கடிதத்தில் நேரடியாக எழுதவில்லை, ஆனால் இருக்கிறது. ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நீங்கள் பேசிச் சிரித்து யோசனை கேட்ட மனிதர் இல்லை. இறந்தவருக்கு அழ இடம் உண்டு, இதற்கு இல்லை. அமெரிக்கக் குடும்பநல சிகிச்சை நிபுணர் பாலின் பாஸ் இந்த இழப்பைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். துக்கம் வருவது உங்கள் பாசம் குறைந்ததால் அல்ல. சில நாள் அவர்மேல் வெறுப்பு வருவதும் அப்படித்தான். தனிக் கட்டிலில் படுக்கத் தோன்றினால் படுத்துக்கொள்ளுங்கள், அவர் நெருக்கம் கேட்டு உங்களுக்கு மனம் இல்லாவிட்டால் மறுக்கலாம். அதற்காக யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? 'கஷ்டமா இருக்குப்பா' என்றால் அவர்கள் 'சமாளிச்சுக்கோங்கம்மா' என்பார்கள், அல்லது 'ஹோம்' என்பார்கள். இரண்டுமே செய்ய என்ன இருக்கிறது என்று தெரியாமல் சொல்வதுதான். அவர்கள் செய்யக்கூடிய வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மகன் தினமும் நாலரை மணிக்கு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு இருபது நிமிடம் பேச வேண்டும், அந்த இருபது நிமிடம் நீங்கள் வேறு அறையில் இருப்பீர்கள். மருந்து வாங்குவது, வங்கி, காப்பீடு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் மகன் பொறுப்பு. மகள் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நான்கு நாள் வந்து தங்க வேண்டும், அந்த நான்கு நாளில் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். இரவு உதவியாளருக்கான செலவை இருவரும் பகிர வேண்டும். அவர்கள் வந்து தங்கும்போது ஒரு மாலை முழுக்க அவர்களே தனியாகச் சமாளிக்கட்டும், பாதியில் நீங்கள் உள்ளே போகாதீர்கள். ஒரு மாலையில் தெரிவது பத்து போனில் தெரியாது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மனும் மற்றவர்களும் அல்சைமர் வந்தவரைப் பார்த்துக்கொள்ளும் 406 கணவன், மனைவிமாரிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான உதவி. மீதிப் பேருக்குத் தனியாக இரண்டு ஆலோசனை, குடும்பத்தோடு நான்கு ஆலோசனை, ஆதரவுக் குழு, எப்போது வேண்டுமானாலும் போனில் பேச ஆள். 2006-இல் வெளியான முடிவு: ஆலோசனை பெற்றவர்களின் துணைவர்கள் முதியோர் இல்லத்தில் சேர்ந்தது சுமார் 557 நாள் தள்ளிப்போனது. நோயாளிக்குப் புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்பவரின் குடும்பத்தை உட்கார வைத்துப் பேசியதுதான் வித்தியாசம். ஆகவே பிள்ளைகளோடு ஆலோசகர் ஒருவர் முன்னால் ஒருமுறை உட்காருங்கள், அவர்கள் வீடியோவில் சேர்ந்தாலும் போதும்.

உதவியாளர் வந்தால் முதல் இரண்டு மூன்று நாள் நீங்களும் கூட இருங்கள். பிறகு ஒரு பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிக் கொடுங்கள்: எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தப் பேச்சு அமைதிப்படுத்தும், எதற்குக் கோபப்படுவார், எந்தக் காது நன்றாகக் கேட்கும், விழுங்கும்போது இருமல் வருகிறதா. இருமல் வந்தால் நேராக உட்கார வைத்து, சிறு வாயாகக் கொடுத்து, சாப்பிட்டபின் அரை மணி படுக்கவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். விழுங்குதலைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் காட்டுங்கள்.

காகித வேலைகள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வங்கிக் கணக்கில் உங்கள் பெயர், உயில், அதிகாரப் பத்திரம், எந்த மருத்துவம் வேண்டும் எது வேண்டாம் என்ற விருப்பம், இவையெல்லாம் அவரால் புரிந்துகொண்டு சம்மதிக்க முடியும் நாட்களிலேயே முடிய வேண்டும். காலை நேரம் தெளிவாக இருக்கிறார் என்கிறீர்களே, வக்கீலைக் காலையில் வரச் சொல்லுங்கள். அவர் புரிந்து சம்மதித்தார் என்று அதே நாளில் டாக்டர் எழுதித் தந்தால் பின்னால் யாராவது கேள்வி எழுப்பினாலும் அது உதவும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே எந்தப் பத்திரம் செல்லும் என்பதை வக்கீல் சொல்ல வேண்டும்.

கடைசியாக, ஹோம். அனுப்புவதா வேண்டாமா என்று இன்று முடிவெடுக்க வேண்டாம். தூங்காத மூளை எடுக்கும் முடிவு இது அல்ல. ஆனால் அனுப்பவே மாட்டேன் என்று யாரிடமும், அவரிடமும்கூட, சத்தியம் செய்யாதீர்கள். அவரைத் தூக்க இருவர் தேவைப்படும்போது, இரவு உதவியாளர் இருந்தும் நீங்கள் தூங்க முடியாதபோது, அடி விழ ஆரம்பித்தபோது, உங்களுக்கே உடம்பு படுத்தும்போது, வீட்டில் வைத்துப் பார்ப்பது அவருக்கும் பாதுகாப்பு இல்லை. அங்கே சேர்த்தபின் உடம்பைப் பார்க்கும் வேலை அவர்களுடையது. நீங்கள் மனைவியாக மட்டும் போய் உட்காரலாம்.

இடங்களைப் பார்க்க இப்போதே ஆரம்பியுங்கள், அவசரத்தில் பார்த்தால் நல்லது கிடைக்காது. சுற்றிக்காட்டுபவர்கள் காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். நீங்கள் மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் சொல்லாமல் போங்கள். அந்த நேரத்தில் யாராவது அழுதுகொண்டு நடந்தால் ஊழியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு ஊழியர்? குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? யாரையாவது கட்டி வைக்கிறீர்களா? மருந்தைக் கூட்டினால் முன்கூட்டியே எங்களிடம் கேட்பீர்களா? எப்போது வேண்டுமானாலும் வந்து நான் ஊட்டலாமா? இந்த ஐந்தில் எதற்காவது மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள். பிடித்த இடத்தில் முதலில் ஒரு வாரம் மட்டும் தற்காலிகமாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் ஏழு இரவும் தூங்கியிருப்பீர்கள், அவர் அங்கே எப்படி இருந்தார் என்பதும் தெரிந்திருக்கும். முடிவை அப்போது எடுங்கள். இந்த ஐந்து கேள்விகளையும் இன்றே மகனுக்கு அனுப்பி, இரண்டு இடங்களின் பட்டியலை அவரையே தயார் செய்யச் சொல்லுங்கள்.